உள்ள வரட்டுங்களா

காலை பத்து மணிக்குப் பச்சை விளக்கு.
பதினெட்டுக் கார்களும் ஒட்டுக்கா
முதல் வளைவுக்குள் முண்டியபோது
எங்கள் பழைய எஸ்டீம் மட்டும்
கடைசிப் பந்திக்குப் போகிறவன் மாதிரி போனது.
மைக்கில் யாரோ சிரித்தார்கள்.

ஆறு மணி நேரம்.
மற்றவர்களுக்கு மூன்று முறை பெட்ரோல்,
எங்களுக்கு இரண்டே முறை.
சுற்றுக்கு நானூற்று அறுபது மில்லி, அதற்கு மேல் கிடையாது.
வாரநாட்களில் கணபதியில் ஒரு பவுண்டரிக்கு
வார்ப்பு விலை போடுகிறவள் நான்.
சேதாரம் எங்கே போய் ஒளியும் என்று தெரியும்.

சென்னியப்பனிடம் சொன்னது இவ்வளவுதான்:
பிரேக்குக்கு முன்னாலேயே காலை எடுத்துரு.
எடுத்துட்டு ஒரு மூச்சு சும்மா இரு.
முன்னால் போகிறவன் முதுகில் ஒதுங்கு,
ஆடிக்காற்றை அவன் கிழிக்கட்டும்.

அந்தக் காற்றைத்தான் நான் தப்பாக எழுதிவிட்டேன்.
பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து
செட்டிபாளையத்துப் புழுதியை வாரி இறைத்தது.
மேற்கே போகையில் தின்கிற பெட்ரோலைக்
கிழக்கே திரும்புகையில் தள்ளிக்கொடுத்து ஈடுகட்டும் என்றிருந்தேன்.
பாதிதான் தந்தது.
நூறாவது சுற்றில் மூன்று லிட்டர் கடன்.
யாரிடமும் சொல்லவில்லை.

நடுத் தவணை பிரதாப் ஓட்டினான்.
இரண்டு மணி சுமாருக்கு, மறுபடி சென்னியப்பன் ஏறிய பிறகு,
வாளையாறு மலை காணாமல் போனது.
மழை.
வரிசையாக எல்லாரும் டயர் மாற்ற உள்ளே வந்தார்கள்.
கரும்புக்கடை ரஃபீக் இரண்டு கையிலும்
மழை டயரோடு என்னையே பார்த்து நின்றான்.

"அக்கா, உள்ள வரட்டுங்களா?"

வராதே.

"வழுக்குதுங்க்கா."

தெரியுது. வராதே.

காரணம் கேட்டிருந்தால் என்னிடம் இல்லை.
நின்றால் தோற்போம், அது மட்டும்தான் தெரியும்.
பதினோரு சுற்று அவன்
எண்ணெய்த் தட்டில் நடக்கிற பூனையாய்ப் போனான்.
மெதுவாக, மெதுவாக.
அப்போதுதான் உறைத்தது:
மெதுவாகப் போகிறவன் குறைவாகக் குடிக்கிறான்.
காற்று வாங்கிய கடனை மழை அடைத்துக்கொண்டிருந்தது.
என் தாளில் மழைக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

நான்காம் இடம்.
"பிளான் பிரமாதமுங்க" என்று
வேறொரு அணிக்காரர் வந்து கை கொடுத்தார்.
கொடுத்த கையை வாங்கிக்கொண்டேன்.
ரஃபீக் டேங்க்கை வடித்துப் பார்த்தான்,
ஒரு டீ கிளாஸ் நிறையவில்லை.

சென்னியப்பன் இறங்கவில்லை.
தண்ணீர்க் குழாய் எப்போதோ கழன்று
மடியில் கிடந்திருக்கிறது, சொல்லவே இல்லை.
ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்கள் பிடித்தபடியே.
ஒவ்வொன்றாகப் பிரித்தோம்,
சுண்டுவிரலில் ஆரம்பித்து.

இன்ஜின் அணைந்து பத்து நிமிடம் இருக்கும்.
என் காதில் கருவி கரகரத்தது.
எதிரே, ஒரு முழம் தூரத்தில், கண்ணை மூடியபடி அவன்:

"அக்கா,
உள்ள வரட்டுங்களா?"