புள்ளி முப்பத்தேழு

அக்டோபர் மழை. ஒஹாயோவில் ஒரு சிற்றூர்.
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள்,
கூடைப்பந்துக் கோடுகளின் மேல் ஈரக் காலணிகள்.
பள்ளிகளுக்காக வீட்டு வரியை உயர்த்தலாமா என்று
அடுத்த மாதம் வாக்கெடுப்பு.

திரையில் வரைபடம்.
படுத்த கோட்டில், பிள்ளைக்கு எத்தனை டாலர்.
நின்ற கோட்டில், எத்தனை மதிப்பெண்.
இடையில் கொசுக்கூட்டமாய்
நூற்றுப் பன்னிரண்டு பள்ளிகள்.
கணக்காளர் மார்லா ஹ்ருஸ்கா அதன் ஊடே
ஒரு கோடு இழுத்திருக்கிறாள்.
மேலே போகிறதா என்றால், போகிறது:
தூக்கக் கலக்கத்தில் ஒருவன்
கை உயர்த்துவது போல.

வெண்டெல் ஓப்பர்மன் எழுந்தார்.
டயர் ஆலை மூடியபோது
பாதி ஓய்வூதியத்தை அங்கேயே விட்டு வந்தவர்.
"பதினோரு வருஷம். செலவு இரண்டு மடங்கு.
வாசிப்பில் ஏறியது ஒன்றரைப் புள்ளி.
ஒரு புள்ளி என்ன விலை, அம்மா?
என் கூரைக்கு அடியில் வாளி வைத்திருக்கிறேன்,
அதில் சொட்டுவதையாவது எண்ண முடிகிறது."
சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
அளந்துதான் போட்டோம், என்று நினைத்தாள் மார்லா,
எல்லா ரசீதும் என்னிடம் இருக்கிறது.
ஆற்றை அளக்கத்தான் யாரிடமும் படி இல்லை.

ரசீதுகள் பொய் சொல்லாது; அதுவே தொல்லை.
பெட்டி பிரிக்காத நாற்பது மின்பலகைகள்.
வேலையை விட்டுப் போவதற்காகவே
ஒரு மேலதிகாரிக்குக் கொடுத்த பணம்.
பச்சைப் பிளாஸ்டிக் புல்.
இவற்றுக்கு நடுவே, மடித்த ஒரு தாள்:
கார்னெட் தெருத் தொடக்கப்பள்ளி,
கொதிகலன், குழாய்கள், கூலி.

அதுதான் புள்ளி முப்பத்தேழு.
கொதிகலன் வந்த ஆண்டு அது
வலப்பக்கம் வெகுதூரம் நகர்ந்தது.
மேலே ஏறவில்லை.
அரைப்புள்ளி இறங்கியது.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இவள் கேட்டாள்.
மூன்று இரவு, வருகைப் பதிவேடுகளை
ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள்.
முந்தைய குளிர்காலங்களில்
கையுறையோடு எழுதினார்கள்; பலர் வரவேயில்லை.
வராதவன் பாடத்தை விட்டான், பிறகு தேர்வையும் விட்டான்.
சராசரி நிம்மதியாய் இருந்தது.
வகுப்பறை சூடானதும் வந்துவிட்டார்கள்
பதினான்கு பேர்.
அதில் ஒடெல் கிரிக்ஸ்பி, ஒன்பது வயது,
ஒரு பத்தியை முடிப்பதற்குள்
உள்ளங்கை வேர்த்துப்போகிறவன்.
வந்தார்கள், கோட்டைக் கழற்றினார்கள், எழுதினார்கள்,
சராசரியைக் கீழே இழுத்தார்கள்.

தமிழில் எழுதுகிற எனக்கு
இதை இப்படித்தான் பார்க்க வருகிறது:
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் மெய்.
புள்ளியை எடுத்தால்தான் உயிர் வந்து ஏறும்.
மார்லாவுக்கு இந்த இலக்கணம் தெரியாது.
அவள் அடிக்குறிப்பு எழுதினாள், மிகச் சிறிய எழுத்தில்.
திரையில் அது
துடைக்காமல் விட்ட கறை போலத் தெரிந்தது.

"ஆமா, இல்லையா?" என்றார் தலைவர்.
"பணம் போட்டால் படிப்பு வருமா?"
ஒலிவாங்கி கீச்சிட்டது.
"எந்தப் பணம்," என்றாள், "எந்தப் பள்ளியில், யார்..."
மூன்று நிமிடம் முடிந்ததென்று மணி அடித்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் வெண்டெல் திரையருகே வந்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அடிக்குறிப்பை வாசித்தார், இரண்டு முறை.
"இந்தப் பதினான்கு பேர். இப்போது வாசிக்கிறார்களா?"
"பதின்மூன்று பேர், தட்டுத்தடுமாறி.
ஒருவன் ஆகஸ்டில் வீடு மாறிவிட்டான்.
வேறு ஏதோ ஒரு புள்ளியில் இருப்பான்."

அவர் கொசுக்கூட்டத்தை அண்ணாந்து பார்த்தார்.
எதில் என்று கேட்க வாயெடுத்தார்.
யாரோ ஒளிப்படக் கருவியை அணைத்தார்கள்.