அறுபது மீட்டர்

நான் எழுதுவது கூட்டக் குறிப்பு.
யார் என்ன பேசினார் என்பது அதில் வராது.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை கை உயர்ந்தது,
அவ்வளவுதான்.
பதினான்கு வருடமாக இந்த மேசையின் கோடியில்
கைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அன்று பொருள் எண் ஏழு:
வலைக்காரர் தெருவுக்குத் தார்.
தெரு நானூறு மீட்டர்.
பணம் முந்நூற்று நாற்பது மீட்டர்.

நார்வேயின் மேற்குக் கரையில் பனி உருகும் மாதத்தில்
அந்தத் தெருவைப் பார்க்க வேண்டும்.
குளிரெல்லாம் இறுகிக் கிடந்த மண்
ஒரே வாரத்தில் கூழாகிவிடும்.
தபால் வண்டி பாதியில் நின்று ஹாரன் அடிக்கும்.
சிக்வார்ட்டின் சக்கர நாற்காலியை அவன் மனைவி
பின்புறமாக இழுத்து வருவாள்.
முன்சக்கரம் சிறியது,
முதலில் புதைவது அதுதான்.

பொறியாளர் வரைபடத்தை விரித்தார்.
மீன் கிடங்கில் தொடங்கிய சிவப்புக் கோடு
பேக்கரி, பல் மருத்துவர், மூடிய வங்கி என்று மேலேறி
முப்பத்தொன்றாம் எண் வேலியோரம்
மை தீர்ந்ததுபோல் நின்றது.
அதற்கப்பால் ஐந்து வீடுகள்.
ஒன்று டூர்பியோர்க்கினுடையது.
எங்கள் ஒன்பது உறுப்பினர்களில் ஒருவர்.

விளையாட்டுத் திடலின் விளக்கைத் தள்ளிப்போட்டு
மிச்ச அறுபதையும் போட்டுவிடலாம்
என்றொரு திருத்தம் வந்தது.
ஐந்து வீட்டு வரி ஐந்து லோடு ஜல்லிக்குக் காணுமா
என்று யாரோ முணுமுணுத்தார்.
யாரென்று எனக்குத் தெரியும்.
எழுதவில்லை.

யாரும் சொல்லுமுன்பே டூர்பியோர்க் எழுந்துவிட்டார்.
சட்டம் அப்படி:
தன் வாசலுக்கு வரும் சாலைக்குத்
தானே கை தூக்கக் கூடாது.
நாற்காலியை ஓசையில்லாமல் தள்ளினார்,
மூக்குக்கண்ணாடியை மேசையிலேயே விட்டுப் போனார்.
அவருக்குப் பதிலாக வரவேண்டியவர்
எதிர்க்கரையில் நின்றுகொண்டிருந்தார்;
காற்று பலம், படகு ரத்து.

கதவின் சிறு கண்ணாடிச் சதுரம்
என் இருக்கைக்கு மட்டும் நேரே.
காப்பி இயந்திரத்தின் அருகே நின்று
சுவரிலிருந்த ஒரே அறிவிப்பைத்
திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்,
கண்ணாடி இல்லாமல்.

ஆதரவு: நான்கு கை.
எதிர்ப்பு: மூன்று கை,
பிறகு, ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு,
தலைவர் ஹால்வாரின் கை.
சரிசமமானால் அவர் இருக்கும் பக்கமே தீர்மானம்.

உள்ளே வந்தவரிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
என் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
கண்ணாடியை மாட்டினார். கடைசி வரிவரை படித்தார்.
"நான் வெளியே போனது ஏழு நாற்பத்தொன்று" என்றார்.
"நாற்பது அல்ல."
திருத்தினேன்.

பொருள் எண் எட்டு: துறைமுகப் பெஞ்சுகளின் நிறம்.
பச்சை என்று முன்மொழிந்தவர் அவர்தான்.

ஜூனில் தார் வந்தது.
இரவு பத்துக்கும் வெயில் விழும் நாட்கள்;
அந்தப் பளபளப்பின் மேல் பிள்ளைகள்
தூக்கத்தைத் தள்ளிப்போட்டுச் சைக்கிள் விட்டார்கள்.
முப்பத்தொன்றாம் எண் வேலியோரம்
கேக்கை வெட்டியதுபோல் தார் முடிந்தது.

சேறு அங்கே முடியவில்லை.
மழைக்குப் பின் ஒவ்வொரு காலையும்
ஐந்து வீட்டு வண்டிகள் கீழே இறங்கின,
சக்கரத்தில் தங்கள் தெருவையும் எடுத்துக்கொண்டு.
புதுத் தார் மேல் இரண்டு பழுப்புக் கோடுகள்,
பல் மருத்துவரைத் தாண்டி,
பேக்கரியின் வெள்ளைப் படிக்கட்டு வரை.

அக்டோபர் கூட்டம். பொருள் எண் மூன்று:
வலைக்காரர் தெருவில் சேறு.
மனு கொடுத்தவர் பேக்கரிக்காரர்.

டூர்பியோர்க் பாதி எழுந்து
சட்ட ஆலோசகரைப் பார்த்தார்.
புகார் தார் போட்ட பகுதியைப் பற்றியது,
நீங்கள் இருக்கலாம் என்றார் அவர்.

உட்கார்ந்தார்.
கண்ணாடியைத் துடைக்க
நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.
எத்தனை நிமிடம் என்று
குறிப்பில் இல்லை.