முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில்,
பதினெட்டுப் படி ஏறினால் என் ஸ்டுடியோ.
மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று விட்டுத்தான்
கேட்பேன்: எந்த நாட்டுக்கு?

சவுதிக்கு நாலுக்கு ஆறு.
ஜெர்மனிக்கு முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து,
மில்லிமீட்டர், பின்னால் சாம்பல் துணி.
அமெரிக்காவுக்குச் சதுரம்.
முகம் ஒன்றுதான்,
வெட்டுகிற இடம் வேறு.

ஏர்வாடி செய்யதலியின் நெஞ்சு எக்ஸ்ரேயில்
சின்ன வயதில் ஆறிப்போன ஒரு தழும்பு.
குவைத் வேண்டாம் என்றுவிட்டது.
நெஞ்சைப் பார்க்காத நாடு உண்டா அண்ணாச்சி?
உண்டு.
அது வயதைப் பார்க்கும், பட்டத்தைப் பார்க்கும்,
இங்கிலீஷில் எத்தனை மார்க் என்று பார்க்கும்,
கூட்டி ஒரு எண் சொல்லும்.
அவனுக்கு நாற்பத்தொன்று. பத்தாம் வகுப்பு பெயில்.

பணகுடி கிறிஸ்டோபெல் சிஸ்டர்
பதினோரு மாதம் ஜெர்மன் படித்தாள்,
கரண்டிக்கும் சட்டிக்கும் ஆண்பால் பெண்பால் பிரித்தபடி.
நர்ஸ் வேண்டுமாம் அங்கே.
பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ளலாமாம், பிறகு.
பிறகுக்கு ஜெர்மனில் என்ன என்று சும்மா கேட்டேன்.
ஷ்பேட்டர் என்றாள்
யோசிக்காமல்.

அவள் தம்பிக்கு ஜப்பான். ஐந்து வருஷம்,
பெண்டாட்டி இங்கேயே.

அமெரிக்காவுக்குப் போட்டவர்களைக் குலுக்கி எடுப்பார்கள் என்று
ஒரு என்ஜினியர் பையன் சொன்னான்.
கூட வந்த அவன் அப்பா கேட்டார்: குலுக்கல் சீட்டா?
சீட்டு என்றால் கடைசி மாசத்திலாவது
நம்ம பேருக்கு விழுந்துதானே ஆகணும்?

சுடலைக்கண்ணு நாலு தடவை வந்துவிட்டான்.
என் கம்ப்யூட்டரில் அவன்
சவுதியில் கறுத்த முடியோடு இருக்கிறான்,
மலேசியாவில் காதோரம் நரை,
போலந்தில் மேல்பல் ஒன்று இல்லை,
வாயை மூடியிருப்பதால் அது போலந்துக்குத் தெரியாது.
அவன் போனதெல்லாம்
மதுரை பாஸ்போர்ட் ஆபீஸ் வரைக்கும்.

நேற்று ஷட்டரை இறக்கப்போகிற நேரம்
கீழே பரோட்டாக் கடைப் பையன் ஏறி வந்தான்.
விகாஷ் மாஞ்சி, கயா பக்கம்.
போலீஸ் ஸ்டேஷனில் மூணு போட்டோ கேட்டிருக்கிறார்கள்,
வீட்டுக்காரர் ஒன்று.
என்ன அளவு என்றேன், பழக்கத்தில்.
உங்க ஊருதான அண்ணாச்சி,
நீங்கதான் சொல்லணும் என்றான்.

இருபத்திரண்டு வருஷத் தொழில்.
எந்த நாட்டில் நெற்றிக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் விடணும்
என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
நம்ம ஊர் என்ன கேட்கும் என்று
தெரியவில்லை.

வெள்ளைத் துணி துவைக்கப் போயிருந்தது.
நீலத்தில் நிறுத்தினேன்.
காதைத் துடைத்துக்கொண்டான், மாவு.

படத்தை எல்லாம் நாட்டின் பேரில்தான் போட்டுவைப்பது.
புது ஃபோல்டர் ஒன்று திறந்து
வள்ளியூர் என்று அடித்தேன்.
உள்ளே ஒரே ஒரு படம்.
லேசாகச் சிரித்திருக்கிறான்.
இன்னொன்று எடுக்கணுமோ என்று நினைத்தேன்,
அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.