குத்தூசி

பத்தொன்பது பிசானம்
கல்லிடைக்குறிச்சிக் கொள்முதல் நிலையத்தில்
சாக்கைக் குத்தியே சம்பளம் வாங்கினவன் நான்.
கூர்முனை சீவிய இரும்புக் குழல், ஒரு சாண்.
உள்ளே போய்த் திரும்பினால் உள்ளங்கையில் கொஞ்சம் நெல்.
பதரா, ஈரமா, கருக்காயா,
மூட்டை அவிழ்க்காமல் சொல்லிவிடுவேன்.
துளையில் பெருவிரல் வைத்து ஒரு தேய்ப்பு:
சணல் இழை கூடிக்கொள்ளும்.
எல்லாச் சாக்கும் கூடாது.
லாரி போன தடத்தில்
குருவிகளுக்குத் தெரியும், எந்தச் சாக்கு என்று.

மாசியில் ஒருநாள்
ஈரப்பதம் பதினேழை எழுபத்தொன்று என்று எழுதினேன்.
சம்சாரி சிரித்தார்:
"என்னவே, நெல்லா, தர்பூசா?"
மறுநாள் என் கருவியின் பெயரே வரவில்லை.
"அதை எடு, அந்த, அந்த..."
பேராச்சி கரண்டியை நீட்டினாள்.
அதற்கடுத்த நாள் வலது கை தானாக உதறி
நெல்லம்பாரத்தின் மேலேயே விழுந்தேன்.
விழித்தபோது வாயெல்லாம் உமி.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி.
படத்தில் இடப்பக்கம்
வெள்ளையாய் ஒரு கொடுக்காப்புளிச் சுளை.
"என்ன இனம்னு தெரியணும்.
மண்டையில ஒரு ரூபாத் துட்டளவு துளை போட்டு
ஊசி விட்டுக் கிள்ளி எடுக்கணும்.
முடிவு வர பத்து நாள் ஆகும்.
பேச்சு இருக்கிற இடம், அதனால கொஞ்சம்..."
பெரிய டாக்டர் அந்தக் கொஞ்சத்தை முடிக்கவில்லை.
எனக்குப் புரிந்துவிட்டது. என் தொழில்.
ஒப்புதல் தாளை நீட்டினார்கள்.
எந்தச் சாக்கிடமும் நான்
கையெழுத்து வாங்கியதில்லை.

காலையில் முடிவழிக்கும் பையன்
பாதி மண்டையில் இருக்கும்போது
மேலப்பாளையத்து நூர்நிஸா டாக்டர் வேகமாய் வந்தார்.
"நிறுத்து தம்பி. ஆராய்ச்சி ஒண்ணு நடக்கு.
முதுகுத்தண்டுல ஒரு கரண்டி தண்ணி எடுப்போம்.
கட்டி சும்மா கிடக்காது, அண்ணாச்சி.
தன் தூளை உதிர்த்துக்கிட்டே இருக்கும்,
அது அந்தத் தண்ணியில மிதக்கும்.
அதைப் படிச்சா இன்னைக்குச் சாயந்திரமே இனம் தெரியலாம்."
"தப்பாச் சொல்லாதா?"
"இருக்குன்னு சொன்னா நம்பலாம்.
இல்லைன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்,
மறுபடி துளைதான்."

சிந்தின நெல்லை வைத்தே
மூட்டையைச் சொல்வது.
இத்தனை வருஷமும் அது
குருவிகளின் வேலை என்று இருந்துவிட்டேன்.

ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சோடு கட்டி,
இறால்போலக் கிடந்தேன்.
குழாயைக் காட்டினார்கள்.
பாபநாசத்தில் ஆறு இறங்குமிடத்துத் தெளிவு.
இதிலா கிடக்கிறது அது?

பிறகு ஆறு மணி நேரம்.
அசையாமல் மல்லாந்து கிடக்கச் சொன்னார்கள்.
உளுந்தவடையைப் பிட்டுப் பிட்டு வாயில் வைத்தபடி
பேராச்சி பரீட்சை வைத்தாள்.
இது? சன்னல்.
இது? செருப்பு.
இது?
நான் அவள் மணிக்கட்டையே பார்த்தேன்.
வளையல் என்று அவளும் சொல்லவில்லை.
கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

விளக்குப் போட்ட நேரத்தில் டாக்டர் வந்தார்,
உட்காரவில்லை.
"நிணநீர்ப் புற்று.
நல்ல சேதின்னு சொல்ல மாட்டேன்.
ஆனா இது கத்திக்கு உள்ளது இல்லை,
மருந்துக்குக் கரையிற இனம்.
நாளைக்கே தொடங்கிரலாம்."

காத்திருப்பதற்கென்று
மனதில் எடுத்து வைத்திருந்த பத்து நாள்
கையில் அப்படியே இருந்தது.
அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முதுகில் பொட்டளவு பிளாஸ்திரி.
பேராச்சி அதன்மேல் பெருவிரல் வைத்து
மெல்ல ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.
நிலையத்துப் பக்கமே வராதவள்.

வாசலில் அந்தப் பையன்.
"அண்ணாச்சி, மிச்சப் பாதியையும் எடுத்திரட்டா?"
மருந்து ஏறினால் எப்படியும் கொட்டத்தான் போகிறது.
எடுத்துரு என்றேன்.
அவன் கையில் பளபளத்ததன் பெயர்
இன்னும் வரவில்லை.