அரிசிச் சாக்கில் போனது

முன்பக்கம் இரண்டு யூஎஸ்பி வாய்.
இரண்டும் செவ்வாய்க்கிழமை இரவோடு ஊமை.
கண்ட்ரோலரைச் செருகினால்
விளக்கு ஒருமுறை ஆரஞ்சாய்ச் சிமிட்டி,
கடன் கொடுத்தவனைக் கண்டது போல
உள்ளே போய்விடும்.
பழைய மாடல். வயர் இல்லாமல் பேசாது.

முதலில் வயரைத்தான் சந்தேகித்தேன்.
டைட்டஸின் போன் வயர்,
எதிர்வீட்டு அஜினின் வயர்,
பார்சல் ஆபீஸ் பில் மெஷினிலிருந்து
யாரும் பார்க்காமல் உருவிய வயர்.
மூன்றும் போனுக்குச் சோறு போட்டன.
பெட்டி மட்டும் பட்டினி.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
இடது வாயில் நாக்கு சரி,
நாலு மஞ்சள் கோடும் நேர்.
வலது வாயில் எறும்பு முட்டை.
ஆனி மழையில் களியக்காவிளையில்
ஈரமில்லாத இடம் வேறெங்கே கிடைக்கும் அதுகளுக்கு?
ஈர்க்கில் நுனியில் பஞ்சு சுற்றி
ஸ்பிரிட்டில் தொட்டு
ஒவ்வொன்றாய் எடுத்தேன். பத்தொன்பது.
மறுபடி அதே ஆரஞ்சு.

டைட்டஸ் கட்டிலில் திரும்பிப் படுத்தான்.
"பயலுக்கு வாங்கினதுன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு.
அவனுக்கு வயசு மூணு.
நீ நடுச்சாமத்துல நோண்டிட்டு கெடக்க."
உண்மைதான்.
சீட்டு விழுந்த பணத்தில்
எனக்கு நானே வாங்கியது.
நாற்பத்தொன்றாவது லெவலில், ஒரு பாலத்தின் நடுவில்,
நாலு நாளாக என் குதிரை நிற்கிறது
ஒரு காலைத் தூக்கியபடி.

மார்த்தாண்டத்துக் கடைக்காரன்
திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போச்சு" என்றான்.
பாறசாலையில் ஒருத்தன் உண்டு, கைராசிக்காரன் என்றார்கள்.
சனிக்கிழமை அரைநாள் லீவு.
நனையாத பை ஒன்றும் அகப்படாமல்
ரேஷன் அரிசிச் சாக்கில் இறக்கி, வாய் கட்டி,
ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக் கிளம்பினேன்.

இஞ்சிவிளையில் கை காட்டி நிறுத்தினார்கள்.
அரசு முத்திரை குத்திய சாக்கு,
மழை நேரம், தனியாக ஒரு பெண்.
அரிசி கடத்த
இதைவிட லட்சணம் வேண்டாம்.
"எந்தா சேச்சி, எத்ர கிலோ?"
"நாலரை" என்றேன்.
பார்சல் தூக்கிப் பழகியவளுக்குக் கைதான் தராசு.

அவிழ்த்தார்.
உள்ளே கறுப்பாய் அது.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சட்டைப் பட்டையில் சுகதன் என்றிருந்தது.
குனிந்து இரண்டு வாயையும்
கைபேசி வெளிச்சத்தில் பார்த்தார்,
லாரிக்கு அடியில் பார்க்கிற அதே பார்வை.
"இதில் வேற வல்லதும் குத்தியோ?"

செவ்வாய்க்கிழமை.
மழை நின்ற இடைவெளியில் கொன்றெடுத்த புழுக்கம்.
சந்தையில் எண்பது ரூபாய்க்கு வாங்கிய குட்டி ஃபேன்.

"ஆ, அது கூடுதல் கரண்ட் வலிச்சு.
பெட்டி பேடிச்சு வாய் அடச்சு, அத்ரேயுள்ளு.
ப்ளக் ஊரி ஒரு ராத்ரி இடு.
பின்னே பவர் பட்டன் அமர்த்திப் பிடி."
பின்னால் மீன் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.
அவர் வீட்டிலும் ஒன்று உண்டாம்.
யார் ஆடுவது என்று நான் கேட்கவில்லை.
அவரும் என்னிடம் கேட்கவில்லை.

பாறசாலைக்குப் போகாமலே திரும்பினேன்.
அரைநாள் லீவு மிச்சம்.
அரை கிலோ சாளை வாங்கினேன்.

ஞாயிறு, கோயில் மணி அடிப்பதற்கு முன்
முப்பது எண்ணும்வரை பட்டனை அழுத்தி,
ப்ளக்கை மாட்டி,
இடது வாயில் செருகினேன்.
ஆரஞ்சு.
ஆரஞ்சு.
நீலம்.

வலது வாய் இன்னும் திறக்கவில்லை.
எறும்பு செய்ததா, என் ஈர்க்கில் செய்ததா, தெரியாது.
சட்டைக்கு இஸ்திரி போட்டபடி டைட்டஸ் கேட்டான்:
"ரெண்டு பேரு ஆடணும்னா என்ன செய்ய?"
நாலு வருசத்தில் முதல் தடவையாகக் கேட்கிறான்.
பின்பக்கம் இன்னொரு வாய் இருக்கிறது.
உடனே சொல்லவில்லை.
குதிரை, தூக்கிய காலைக்
கீழே வைத்தது.