முந்நூறு சொல்

முந்நூறு சொல்லுக்குள் என்கிறது சுற்றறிக்கை.
நான் எட்டிப் பார்த்த கிணறுகள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
கிணற்றுக்கு ஒரு சொல் என்று பங்கிட்டாலும்
பன்னிரண்டு கிணறு
பேச்சில்லாமல் நிற்கும்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:
நீரின்றி உயிரில்லை, பண்டைக் காலம் தொட்டே மனிதன்...
நூருன்னிசா மேடம் பென்சிலை எடுத்து
ஒரே இழுப்பு.
பண்டைக் காலம் முழுக்கப் போயிற்று.

இரண்டாவதில் இந்த ஆய்வு
எதையோ அறிய முயல்கிறது என்றிருந்தது.
ஓரத்தில் எழுதினார்:
முயன்றாயா, கண்டாயா?

மூன்றாவதில்
மாதிரிகள் சேகரிக்கப்பட்டன.
யாரால் என்று கேட்டால் பதில் சொல்ல
அந்த வாக்கியத்தில் ஆளில்லை.
பாலவாக்கத்தில் என் கணுக்காலைப் பிடித்த நாயும் இல்லை.
கொட்டிவாக்கத்துக் கிணறொன்றில்
கயிறு அறுந்து விழுந்த பாட்டில்
இன்னும் மிதந்துகொண்டிருக்கும்,
என் கையெழுத்தில் எண் நாற்பத்தொன்று.
சேகரிக்கப்பட்டன: ஒரே சொல்.
நான்கு கோடைக்கு அது மலிவு.
வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் எண்ணைக் கேட்டார்.
"உப்பு எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கு?
அதைச் சொல்லாம இது என்ன சுருக்கம்,
சினிமா டிரெய்லரா?"

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம், அட்டவணை ஒன்பது,
அடிக்குறிப்புக்கு மேலே
ஆகச் சிறிய எழுத்தில்
படுக்க வைத்திருந்தேன் அதை.

காரணம் எண்பத்தேழாம் கிணறு.
நீலாங்கரை, சந்தில் கடைசி வீடு.
இரும்பு மூடியைத் தானே தூக்கித் தருவார் கன்னியப்பன்.
மீட்டரைப் பார்க்க மாட்டார்,
மீட்டரைப் பார்க்கும் என் முகத்தைப் பார்ப்பார்.
போன தையில் வீட்டுக்கு விலை பேசி முன்பணமும் வந்துவிட்டது.
"நல்ல தண்ணின்னு எழுத வேணாம்மா.
உப்புன்னு எழுதாம இருந்தாப் போதும்.
அம்மாம் பெரிய புக்கை எவன் படிக்கப் போறான்."

சரிதான். எவனும் படிக்க மாட்டான்.
இந்த ஒரு பக்கத்தைப் படிப்பான்.
தேடினால் காசில்லாமல் திறப்பது
இது ஒன்றுதான்.

கிண்டி, ஆய்வகம், இரவு பதினொன்று.
ஏசி சொட்டுகிறது, அடியில் யாரோ வைத்த பீக்கர்.
பழக்கதோஷத்தில் அதிலும் மீட்டரை விட்டுப் பார்த்தேன்.
நல்ல தண்ணீர்.

எண்ணை எழுப்பிக் கூட்டிவந்து
நான்காம் வாக்கியத்தில் உட்கார வைத்தேன்.
அது வந்ததும்
'கணிசமாக', 'ஓரளவுக்கு', 'குறிப்பிடத்தக்க வகையில்' எல்லாம்
டிக்கெட் பரிசோதகர் ஏறியதைப் பார்த்து
பின்படியில் இறங்குகிறவர்கள் போல
ஒவ்வொன்றாய் நழுவின.
அப்புறம் அது எதற்காக என்று ஒரு வரி:
இனி ஆழ்துளை எங்கே போடலாம், எங்கே கூடாது.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எண்ணினேன். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
இரண்டு சொல் மிச்சம்.
மன்னிக்கவும் கன்னியப்பன்.
கச்சிதமாகப் பொருந்தியது.
கர்சர் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருந்தது.
அழித்தேன்.

கீழே திறவுச்சொல் ஐந்து கேட்கிறார்கள்,
அவை கணக்கில் சேராது.
கரையோரம். நிலத்தடி நீர். உவர்மை. சென்னை.
ஐந்தாவதாக
வாளி என்று போட்டிருக்கிறேன்.

காலையில் மேடம் அடித்துவிடுவார்.
அதுவரை இருக்கட்டும்.