இதர

பள்ளிகொண்டா டோல்கேட்டில் குழம்பினார்கள்:
இழுவையில் பன்னிரண்டடிப் படகு,
அதன் பாய் பேரணாம்பட்டு லாரித் தார்ப்பாய்.
ரசீதில் ‘இதர’ என்று அடித்தார்கள்.

பாலத்தில் ஜெபசீலி வேகம் குறைத்தாள்.
கீழே மணல், டயர்த் தடம்,
பந்தைத் தேடும் ஒரு பையன்.
அடிவயிறு நனையாமல்
பாலாற்றைக் கடந்தது படகு.

மோர்தானாவில் இறக்கிய பிறகுதான் தெரிந்தது,
அடைப்புக்கட்டை காட்பாடியில், அலமாரி மேல்.
துப்பட்டா நுனியைச் சுருட்டி ஓட்டையில் திணித்தாள்.
ஆந்திரப் பக்கமிருந்து காற்று.
பாய் இருமுறை படபடத்து
வாய் மூடிக்கொண்டது.

பேர் தெரியாத குன்றின் நிழலுக்குள் நுழைகையில்
கணுக்கால்வரை தண்ணீர்.
குவளையை எடுத்தேன்.
“வெளியே ஊற்றாதே,” என்றாள்,
“கேனில் பிடி.
திரும்பும்போது மணலில் இறங்கி ஊற்றலாம்.
பந்து கிடைத்ததா என்றும் கேட்கலாம்.”